சிங்கப்பூர் வெள்ளி கோட்டையூருக்கு வரும் வழி: யு.பி.ஐ.–பேநவ் சேவை பற்றிய மதிப்பீடு

கடந்த இரண்டு ஆண்டுகளாக என் மகன் சிங்கப்பூரிலிருந்து வீட்டுச் செலவுக்காக அனுப்பும் பணம் யு.பி.ஐ.–பேநவ் இணைப்பின் வழியாகவே காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் இருக்கும் எனக்கு வந்து சேர்கிறது. மாதம் ஒரு முறை, சில மாதங்களில் இரு முறை என்று என் குறிப்பேட்டில் எழுதி வந்திருக்கிறேன். முப்பதுக்கும் குறையாத பரிமாற்றங்கள் அதில் பதிவாகியுள்ளன. வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், பணம் பெறுபவனின் வசதியை மட்டும் வைத்து இச்சேவையை எடைபோட எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பணம் நாட்டின் கணக்கில் எந்தப் பக்கத்தில் ஏறுகிறது, அது நாட்டில் புழங்கும் மொத்தப் பணத்தை, அதாவது பண அளிப்பை, கூட்டுகிறதா என்ற கேள்வியை வகுப்பறையில் பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். இன்று அந்தக் கேள்வி மாதம் தவறாமல் என் கைபேசிக்கே வந்து நிற்கிறது.

முதலில் சேவையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் யு.பி.ஐ.யையும் அதைப் போன்ற சிங்கப்பூரின் பேநவ் என்ற கைபேசிவழிப் பணப் பரிமாற்ற அமைப்பையும் இணைக்கும் இந்த ஏற்பாடு 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கப்பட்டது. அன்று ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்த சக்திகாந்த தாஸும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ரவி மேனனும் முதல் பரிமாற்றத்தைச் செய்து காட்டினார்கள். தொடக்கத்தில் பாரத ஸ்டேட் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி ஆகியவை பணம் பெறவும் அனுப்பவும், ஆக்சிஸ் வங்கியும் டி.பி.எஸ். இந்தியாவும் பெறுவதற்கு மட்டும் சேர்க்கப்பட்டன. பின்னர் மேலும் பல வங்கிகள் வந்துள்ளன. அனுப்புபவர் கணக்கு எண்ணையோ கிளைக் குறியீட்டையோ தேட வேண்டியதில்லை, பெறுபவரின் யு.பி.ஐ. முகவரி இருந்தால் போதும். தொடங்கியபோது அறிவிக்கப்பட்ட வரம்பு நாளொன்றுக்கு ரூ. 60,000, அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,000 சிங்கப்பூர் டாலர் (எங்கள் பேச்சில் வெள்ளி).

என் அனுபவத்தில், மகன் "அனுப்பிவிட்டேன், அப்பச்சி" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. இதற்கு முன் வேறொரு வங்கியின் வழியாக வயர் டிரான்ஸ்ஃபர் முறையில் பணம் பெற்றுவந்தோம். மூன்று நாள், நான்கு நாள் ஆகும். இடையில் இருக்கும் வங்கி ஒன்று தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு பிடித்தது என்பது பணம் வந்த பிறகுதான் தெரியும். ஒருமுறை தீபாவளிக்கு முந்தைய வாரம் அனுப்பிய தொகை, எதற்காக அனுப்பப்பட்டது என்ற குறியீடு விடுபட்டதால் பண்டிகை முடிந்த பிறகே கணக்கில் ஏறியது. அந்த வாரம் நான் வங்கிக்கு நான்கு முறை நடந்தேன். இந்த மனத்தாங்கலோடு ஒப்பிடும்போது புதிய சேவை எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை வயதானவர்கள் உடனே உணர்வார்கள்.

ஆனால் பணம் "வந்து சேர்ந்தது" என்று நாம் சொல்லும்போது உண்மையில் எதுவும் கடல் கடந்து வரவில்லை. சிங்கப்பூரில் என் மகனின் வங்கிக் கணக்கில் டாலர் பற்று எழுதப்படுகிறது. இங்கே என் கணக்கில் ரூபாய் வரவு வைக்கப்படுகிறது. இரண்டு வங்கிகளும் தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன. எங்கள் ஐயா காலத்துப் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ரங்கூன் கடையில் ஒருவர் பணத்தைக் கட்டி, காரைக்குடியிலோ சென்னையிலோ உண்டியல் என்ற பணச்சீட்டைக் காட்டிப் பெற்றுக்கொண்டபோதும் இரண்டு ஏடுகளில் எழுதப்பட்ட எழுத்துகளே வேலையைச் செய்தன. வேகம் மட்டும் கப்பலில் இருந்து கைபேசிக்கு மாறியிருக்கிறது.

என் கணக்கில் ஏறிய ரூபாய் புதிய பணமா, அல்லது ஏற்கெனவே நாட்டில் இருந்த பணம் கை மாறியதா என்று பார்க்க வேண்டும். மக்கள் கையில் உள்ள ரொக்கமும் வங்கி வைப்புகளும் சேர்ந்த தொகையை எம்-3 என்று ரிசர்வ் வங்கி கணக்கிட்டு, இரு வாரங்களுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. அந்தப் பணம் எங்கிருந்து பிறந்தது என்பதைக் காட்டும் பகுதியில் அரசுக்கு வங்கித்துறை கொடுத்த நிகரக் கடன், வணிகத்துறைக்குக் கொடுத்த கடன் ஆகியவற்றோடு வங்கித்துறையின் நிகர அந்நியச் செலாவணிச் சொத்து என்றும் ஓர் இனம் இருக்கும். அயல்நாட்டுச் செலுத்துநிலைக்கும் (நாட்டுக்கும் வெளிநாடுகளுக்கும் இடையிலான மொத்த வரவு செலவுக் கணக்கு) பண அளிப்புக்கும் இடையே உள்ள வாசல் அந்த ஓர் இனம்தான்.

என் மகன் 1,000 டாலர் அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். என் வங்கியின் கையில் அந்நியச் செலாவணி கூடுகிறது, என் வைப்பும் கூடுகிறது. அந்தக் கணத்தில் எம்-3 கூடியதாகத்தான் தோன்றும். அதே நாளில் மலேசியாவிலிருந்து பாமாயில் இறக்குமதி செய்யும் ஒருவர், தன் விற்பனையாளருக்குக் கொடுக்க வேண்டிய செலாவணியை வங்கியிடம் வாங்குகிறார். காரைக்குடியில் தேன்குழலும் சீப்புச்சீடையும் மனகோலமும் சுட்டு விற்கும் கடைகளில் கொதிக்கும் எண்ணெயில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான். அவர் கணக்கிலிருந்து ரூபாய் கழிகிறது, வங்கியின் கையிலிருந்து செலாவணி வெளியேறுகிறது. என் வைப்புக் கூடிய அளவுக்கு அவர் வைப்புக் குறைந்துவிட்டது. நாட்டின் மொத்தப் பணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை; செலுத்துநிலையில் என் வரவும் அவர் செலவும் ஒன்றையொன்று ஈடு செய்தன.

செலாவணியை வாங்க அப்படி யாரும் இல்லாதபோது, அதாவது செலுத்துநிலையின் நடப்புக் கணக்கும் (வாணிகம், சேவை, பிள்ளைகள் அனுப்பும் பணம்) மூலதனக் கணக்கும் (முதலீடு, கடன்) சேர்ந்து உபரி காட்டும்போது, ரூபாயின் மதிப்பு ஏற வேண்டும், அல்லது ரிசர்வ் வங்கி அந்தச் செலாவணியை வாங்க வேண்டும். ரிசர்வ் வங்கி வாங்கினால் அதற்கு விலையாக வங்கிகளின் கணக்கில் புதிய ரூபாயை எழுதுகிறது. அது அடிப்படைப் பணம்; அதன் மேல் வங்கிகள் கடன் கொடுத்துக்கொண்டே போக, பண அளிப்பு பல மடங்காகப் பெருகும். எனவே ஒரு குடும்பத்துக்கு வரும் பணம் நாட்டின் பணத்தைக் கூட்டுமா என்பது அந்தக் குடும்பத்தைப் பொறுத்ததன்று. மொத்தச் செலுத்துநிலையின் மீதம் எந்தப் பக்கம் நிற்கிறது, அந்த மீதத்தை மைய வங்கி என்ன செய்கிறது என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன.

இதற்கு நம் நாட்டிலேயே இரண்டு தெளிவான காலங்கள் உண்டு. 2004 மார்ச் இறுதியில் ஏறத்தாழ 11,300 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 2008 மார்ச் இறுதியில் ஏறத்தாழ 30,970 கோடி டாலராக உயர்ந்தது. உள்ளே வந்த டாலரை ரிசர்வ் வங்கி வாங்க வாங்க ரூபாய் பெருகியது. பெருகிய ரூபாயை உறிஞ்சுவதற்காக 2004 ஏப்ரலில் சந்தை நிலைப்படுத்தும் திட்டம் கொண்டுவரப்பட்டது. அரசுப் பத்திரங்களை விற்றுத் திரட்டிய பணத்தை அரசு செலவழிக்காமல் ரிசர்வ் வங்கியிலேயே தனியாக முடக்கி வைப்பது அதன் வழிமுறை. அதுவும் போதாமல், வங்கிகள் தம் வைப்புகளில் ரிசர்வ் வங்கியிடம் கட்டாயம் வைக்க வேண்டிய பங்கான ரொக்க இருப்பு விகிதம் 4.5 சதவீதத்திலிருந்து படிப்படியாக உயர்ந்து 2008 ஆகஸ்டில் 9 சதவீதத்தை எட்டியது. வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தால் உள்நாட்டில் விலைவாசி ஏறிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த வேலை இது. வட்டிச் செலவை அரசு ஏற்றுக்கொண்டது. அந்த வகையில் கையிருப்பு என்பது விலை இல்லாத செல்வம் அன்று.

எதிர்த்திசையும் அண்மையில் நடந்தது. 2024 செப்டம்பர் இறுதியில் ஏறத்தாழ 70,490 கோடி டாலர் என்ற உச்சத்தில் இருந்த கையிருப்பு, 2025 ஜனவரி நடுவில் ஏறத்தாழ 62,400 கோடியாக இறங்கியது. அதில் ஒரு பகுதி பிற நாணயங்களின் மதிப்பு மாறியதால் ஏற்பட்டது. மற்றொரு பகுதி ரூபாயைத் தாங்குவதற்காக ரிசர்வ் வங்கி டாலரை விற்றதால் ஏற்பட்டது. விற்ற ஒவ்வொரு டாலருக்கும் ஈடான ரூபாய் வங்கிகளிடமிருந்து ரிசர்வ் வங்கிக்குத் திரும்பி மறைந்தது. வங்கிகளிடம் பணத் தட்டுப்பாடு வந்தது. அதை ஈடு செய்ய 2024 டிசம்பரில் ரொக்க இருப்பு விகிதத்தை 4.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்து ரூ. 1.16 லட்சம் கோடியை விடுவித்தார்கள். 2025 பிப்ரவரி இறுதியில் 1,000 கோடி டாலருக்கு மூன்று ஆண்டு டாலர்–ரூபாய் மாற்று ஒப்பந்தத்தின் (டாலரை அப்போது வாங்கி, மூன்று ஆண்டு கழித்துத் திருப்பி விற்கும் ஏற்பாடு) மூலம் மேலும் ரூபாயை உள்ளே விட்டார்கள். அந்த மாதங்களிலும் என் மகன் அனுப்பிய பணம் தவறாமல் எனக்கு வந்தது. என் குறிப்பேட்டில் வரவு. நாட்டின் ஏட்டில் பற்று. இரண்டும் ஒரே காலத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் மாணவர்களுக்குப் புரியவைக்க மிகக் கடினமாக இருந்த இடம்.

உறவு ஒரு பக்கமாக மட்டும் ஓடுவதில்லை. உள்நாட்டில் பணத்தைத் தேவைக்கு மேல் பெருக்கினால், மக்கள் வேண்டாத பணத்தைப் பொருளாகவும் சொத்தாகவும் மாற்ற முற்படுவார்கள்; அதில் ஒரு பங்கு இறக்குமதியாக வெளியேறி, கையிருப்பைக் கரைக்கும். 1752-இல் ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் பொன் நாணயத்தை வைத்துச் சொன்ன இந்த வாதத்தை, 1957-இல் பன்னாட்டு நாணய நிதியத்தில் பொருளியலாளர் ஜாக் போலாக் கடன் கணக்காக வடித்துக் கொடுத்தார். நிதியம் கடன் தரும்போது உள்நாட்டுக் கடனுக்கு உச்சவரம்பு விதிப்பது அந்தக் கணக்கிலிருந்து வந்த பழக்கம். எண்பதுகளின் பிற்பகுதியில் மைய அரசின் பற்றாக்குறையை ரிசர்வ் வங்கியே நேராக ஏற்றுப் பணமாக்கி வந்தது. வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறி, அங்கிருந்து வரும் பணமும் தடைபட்டபோது கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலைக்கு இறங்கியது. 1991-இல் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்து 40 கோடி டாலர் அளவுக்குப் பெற வேண்டியிருந்தது. நகையை அடகுக்கு எடுத்துச் செல்லும் குடும்பத்தின் நெஞ்சு எப்படி இருக்கும் என்பதை வட்டித் தொழிலில் வளர்ந்த எங்கள் ஊரார் அன்று நன்றாகவே உணர்ந்தார்கள்.

இந்தச் சேவையைப் பற்றி எழுதும்போது செட்டிநாட்டின் பழைய கணக்குகள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. கொண்டுவிக்கப் போனவர்கள், அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போன எங்கள் ஊரார், மூன்று வகையான பண அமைப்புகளில் வேலை செய்தார்கள். பர்மாவில் ஓடியது இந்திய ரூபாய். நெல் அறுவடைக் காலத்தில் அங்கே பணத்தின் தேவை ஏறும், நடப்பு வட்டி உயரும், சென்னையிலிருந்து பணம் அங்கே பாயும். அறுவடை முடிந்ததும் திரும்பும். இலங்கையின் காகித நாணயத்துக்கு இந்திய ரூபாய் காப்பாக இருந்தது. மலாயாவிலோ சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய ஜலசந்திக் குடியேற்றங்களின் நாணய வாரியம் வெள்ளி எனப்படும் டாலரை வெளியிட்டது. 1906 முதல் ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று பிரிட்டிஷ் நாணயத்தோடு கட்டப்பட்டிருந்தது. வாரியத்திடம் பவுண்டு வந்தால்தான் புதிய வெள்ளி வெளிவரும். ரப்பரும் வெள்ளீயமும் நல்ல விலைக்கு ஏற்றுமதியானால் நாட்டில் பணம் பெருகும். விலை விழுந்தால் பணமே சுருங்கும். செலுத்துநிலையும் பண அளிப்பும் அங்கே ஒரே நாணயத்தின் இரு முகங்களாக இருந்தன. உலகப் பெருமந்தத்தின்போது கடன் வாங்கியவர்களிடம் திருப்பித் தர வெள்ளி இல்லாமல் போனதற்கு அவர்களுடைய நேர்மையைக் காரணம் காட்டுவது தவறு. நாட்டிலேயே வெள்ளி குறைந்திருந்தது.

நாங்கள் குடியிருக்கும் வீட்டின் தூண்கள் பர்மாத் தேக்கு, முன்கட்டின் தளம் இத்தாலியச் சலவைக்கல். அங்கே ஈட்டிய பணத்தில் ஒரு பங்கு பணமாக இங்கே வரவே இல்லை. தேக்காகவே வந்து இறங்கியது. வெளியே ஈட்டிய வருமானம் வெளியிலேயே பொருளுக்குச் செலவாகிவிட்டால், ஏட்டில் வரவும் செலவும் எழுதப்படும், உள்ளூரில் ஒரு ரூபாய்கூட அதிகமாகாது. மாடிக்கு ஏறும்போது அந்தத் தூணைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளைகளிடம் இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில், 1937 பிப்ரவரி 10 அன்று, அந்நியச் செலாவணித் தொழிலையே முதன்மையாகக் கொண்டு இந்தியன் ஓவர்சீஸ் வங்கி திறக்கப்பட்டது. அதிலிருந்து ஐம்பதாம் நாள், ஏப்ரல் 1 அன்று, பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. அன்றுவரை உள்நாட்டுக் கணக்காக இருந்தது அயல்நாட்டுக் கணக்காயிற்று.

இச்சேவையை நான் ஆதரிப்பதற்கான முதன்மைக் காரணத்துக்கு இப்போது வருகிறேன். எங்கள் வட்டாரத்தில் இன்றும் சிலர் "உண்டியலில் போட்டால் நல்ல ரேட்டு கிடைக்கும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். முன்னோர் கையாண்ட உண்டியல் ஊரறிந்த வாணிகப் பத்திரம். இன்று அந்தப் பெயரில் நடப்பது ஹவாலா. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி அது சட்டமீறல். சட்டமீறல் என்பதோடு, அதன் கணக்கையும் பாருங்கள். பிள்ளை கொடுத்த வெள்ளி சிங்கப்பூரிலேயே தங்கிவிடுகிறது. அதைக் கொண்டு யாரோ தங்கம் வாங்கிக் கள்ள வழியில் அனுப்பலாம். இங்கே ஒருவர் தன்னிடம் ஏற்கெனவே இருந்த ரூபாயை நம் வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறார். வங்கித்துறையின் அந்நியச் செலாவணி ஒரு காசும் கூடவில்லை. நாட்டின் நடப்புக் கணக்கில் வரவும் எழுதப்படவில்லை. 2022-இல் உலக வங்கிக் கணக்குப்படி இந்தியாவுக்கு வந்த பணம் 11,100 கோடி டாலர்; 10,000 கோடியைத் தாண்டிய முதல் நாடு இந்தியாதான். ரிசர்வ் வங்கியின் 2023–24 ஆய்வின்படி அவ்வாறு வரும் பணத்தில் சிங்கப்பூரின் பங்கு 6.6 சதவீதம், தமிழ்நாட்டுக்கு வருவது 10.4 சதவீதம். சரக்கு வாணிகத்தில் நமக்கு இருக்கும் பெரும் பற்றாக்குறையில் கணிசமான பகுதியை இந்தச் சிறு சிறு தொகைகள் அடைக்கின்றன. முறையான வழியில் வராத வெள்ளி அந்தக் கணக்கில் இல்லாமலே போகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். என் வங்கியின் செயலி, வந்த தொகையை ரூபாயில் மட்டும் காட்டுகிறது. எத்தனை வெள்ளி, என்ன மாற்று விகிதம் என்பதை அறிய மகனிடம் கேட்க வேண்டியிருக்கிறது. கட்டணம் இல்லை என்று ஒரு வங்கி சொன்னாலும் மாற்று விகிதத்துக்குள் அதன் ஆதாயம் அடங்கியிருக்கலாம். எனவே அனுப்பும் பிள்ளைகள் அன்றைய சந்தை விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பொத்தானை அழுத்தக் கூடாது. பணம் அனுப்பும் செலவை 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் இலக்கு. உலகச் சராசரி இன்னும் அதைப்போல் இரு மடங்கு. இந்த வழியில் நாங்கள் இழப்பது அந்த இலக்குக்குள் அடங்குகிறது என்று என் குறிப்பேடு காட்டுகிறது. நாள்வரம்பு மாதச் செலவுக்குப் போதும். கல்யாணச் செலவுக்கோ வீட்டின் ஓடு மாற்றும் வேலைக்கோ போதாது. அதற்குப் பழைய வயர் டிரான்ஸ்ஃபரே வழி.

சேமிப்புக்காக அனுப்புபவர்கள் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்குள்ள வங்கியில் வைத்துக்கொள்ளும் என்.ஆர்.இ. கணக்கில் பிள்ளை தன் பெயரிலேயே போட்டால் அது மூலதனக் கணக்கில் நாடு பட்ட கடனாகப் பதிவாகும். அதையே ரூபாயாக இங்கே எடுத்துச் செலவழித்த பிறகுதான் நடப்புக் கணக்கின் வரவாக மாறும். பெற்றோரின் கணக்குக்கு இந்தச் சேவை வழியாக வருவது முதல் நாளிலிருந்தே திருப்பித் தர வேண்டாத வரவு. வீட்டுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். நெருக்கடிக் காலத்தில் நாட்டுக்கு அவை ஒன்றல்ல.

அடுத்த வீட்டு ஆச்சியின் மகளும் சிங்கப்பூரில்தான் இருக்கிறாள். சென்ற மாதம் ஆச்சி கைபேசியை எடுத்துவந்து, "இதில் வர்றது முறையான பணந்தானே, தம்பி?" என்று கேட்டார்கள். ஆம் என்று சொல்லி, அவர்களுடைய யு.பி.ஐ. முகவரியை அமைத்துக் கொடுத்தேன். முதல் தொகையாக நூறு வெள்ளி மட்டும் வரவழைத்துச் சரிபார்த்துவிட்டு, ஒரு புதிய நோட்டில் தேதி, வெள்ளி, விகிதம், ரூபாய் என்று நான்கு கோடு போட்டு அவர்களிடம் கொடுத்திருக்கிறேன்.